அருளானந்தம் அண்ணையின் முன்பல்

"அருளானந்தம் அண்ணை காலமாகிவிட்டார். பொரளை மலர்ச்சாலையில் உடலைப் பார்க்கலாம்." என்னைப் பிரிந்துபோன என் மனைவி வாசுகி பதினொரு வருடங்களில் எனக்கு அனுப்பிய முதல் செய்தி இதுதான்.

கொள்ளுப்பிட்டி காப்புறுதி அலுவலகத்தில் அண்ணையோடு வேலை செய்த உங்களுக்கும் கொட்டாஞ்சேனை அயலவர்களுக்கும் அவர் வீட்டுத் திறப்புக் கோர்வையை, அந்தச் சாவிக்கொத்தை, தெரியும். ஒரு மாதம் அது அவர் மனைவி புஷ்பம் அக்காவின் இடுப்பில், மறுமாதம் அண்ணையின் காற்சட்டைப் பையில். திறப்பு யாரிடமோ, அந்த மாதம் வீட்டில் கடைசிச் சொல் அவருக்கு.

"அண்ணை, இந்த மாசம் ஆர் முதலாளி?" என்று சீண்டுவோம்.

"அவ. ட்ரிப்புக்குக் கூப்பிடுறதெண்டா ஒண்டாந் திகதிக்குப் பிறகு வா."

அந்த ஒழுங்கு வந்த கதையை ஒருநாள் எனக்குச் சொன்னார். கலியாணமான முதல் வருடம் குடைக்காம்பால் அக்காவின் முதுகில் அடித்திருக்கிறார். மூன்றாவது அடியில் காம்பு முறிந்தது. அக்கா திரும்பி, கொதித்துக்கொண்டிருந்த சோற்றுப் பானையை அவர்மேல் கவிழ்த்தார். தோளிலிருந்து முழங்கைவரை தோல் உரிந்தது. "அடுத்தமுறை ரெண்டில ஒண்டு சாகும் எண்டு விளங்கிச்சுது. அதுக்குப் பிறகுதான் பங்கு பிரிச்சம்."

வெள்ளவத்தையில் என் வீட்டிலும் அதே ஒழுங்கை வைத்தேன். என் மாதங்கள் நன்றாகத்தான் போயின. வாசுகி தன் மாதத்தில் கண்டியில் ஒரு பள்ளிக்கூட வேலையை ஏற்றுக்கொண்டாள். திறப்பைத் தா என்றேன். கையைப் பொத்திக்கொண்டாள். விரல்களை ஒவ்வொன்றாக விரித்தேன். நடுவிரல் முறிந்த சத்தம் கேட்டது. அதற்குப் பிறகும் விடாமல் திறப்பை எடுத்தேன்.

அவள் அண்ணைக்குப் போன் செய்தாள். நாலு புத்தி சொல்லி அவளை இருத்துவார் என்று நம்பி அவர் வந்தபோது நானே கதவைத் திறந்துவிட்டேன்.

"இது ஆற்றை மாசம்?" என்று என்னைக் கேட்டார்.

"அவளின்ர."

"தங்கச்சி, என்ன முடிவு?"

"போறன் அண்ணை."

அவளுடைய பெட்டியை அவரே தூக்கினார். மாடிப்படியில் மறித்து அவர் வாயில் குத்தினேன். முன்பல் என் விரல் முட்டியைக் கிழித்துக்கொண்டு கழன்று போனது. சட்டை முழுக்க இரத்தம். பெட்டியை அவர் கீழே வைக்கவில்லை.

பஸ் மிதிபலகையில் வழுக்கி விழுந்தது என்றுதான் உங்கள் எல்லோருக்கும் சொன்னார். பல்லைக் கடைசிவரை கட்டவில்லை.

மலர்ச்சாலையில் கிடத்தியிருந்த அவருடைய சட்டைப் பையில் திறப்புக் கோர்வை இருந்தது. "இது அவற்றை மாசம். முடிய இன்னும் ஆறு நாள் கிடக்கு," என்றார் அக்கா. பிறகு குரலைத் தாழ்த்தி, "பல்லுப் போன விதம் எனக்குத் தெரியும். அவனே ஒருநாள் சொல்லட்டும் எண்டு சொன்னவர்," என்றார்.

இப்போது உங்களிடம் சொல்லிவிட்டேன். அவர் பஸ்ஸில் விழவில்லை.

பெட்டியைத் தூக்கியதற்காக அவரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது விரல் முட்டியில் ஒரு தழும்பும், யாருடைய மாதம் என்ற அந்தக் கேள்வியும். திறப்பு பதினொரு வருடமாக என்னிடமேதான் இருக்கிறது. கேட்க வீட்டில் ஆள் இல்லை.