அப்துல் சுக்கூர் எழுதிய ஒன்பது கட்டுரைகள்

திண்டுக்கல் பேகம்பூரில் தோல் மண்டி வைத்திருக்கும் அப்துல் சுக்கூர் ராவுத்தர் ஆங்கிலத்தில் ஒன்பது ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுதியிருக்கிறார். அவற்றில் ஒன்றைக்கூட அவர் படித்ததில்லை. படிக்கவும் முடியாது. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். ஆங்கிலத்தில் அவருக்குத் தெரிந்தவை லோடு, ரேட்டு, பேலன்ஸ் போன்ற சில சொற்கள்தான். அவற்றையும் தமிழ் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்.

கறிக்கடைகளிலிருந்து வரும் ஆட்டுத்தோலை வாங்கி, உப்புப் போட்டு அடுக்கி, ஊரில் தோல் ஷாப்பு என்று சொல்லப்படும் பதனிடும் ஆலைகளுக்கு விற்பது அவர் தொழில். மனிதர் நல்லவர், பெருமைதான் கொஞ்சம் தூக்கல். மகள் ரஃபியா கல்லூரியில் வேதியியல் நடத்துகிறாள் என்பதை உப்பு வியாபாரி முதல் தபால்காரர் வரை ஒருவர் விடாமல் சொல்லியாகிவிட்டது. என்ன ஆராய்ச்சி செய்கிறாள் என்று யாராவது கேட்டால் மட்டும் “தண்ணி” என்பார். அதற்கு மேல் அவருக்குத் தெரியாது. அவளும் சொன்னதில்லை. சொல்லாததற்குக் காரணம் இருந்தது.

அதே கல்லூரி நூலகத்தில் மின்னிதழ்ப் பிரிவு என் பொறுப்பு. அறிவியல் இதழ்களின் முழுக் கட்டுரைகளும் சேர்ந்து கிடக்கும் தரவுத்தளங்களில் வேண்டியதை எப்படித் தேடி எடுப்பது என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொடுக்கிறேன். ஒருவரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. தேடும் பெட்டிக்குப் பக்கத்திலேயே, எழுதியவர் பெயரில் தேடவா, தலைப்பில் தேடவா, அவர் வேலை பார்க்கும் இடத்தில் தேடவா என்று கணினி மரியாதையாகக் கேட்கும். அதைத் தொட்டால் கை சுட்டுவிடும் என்பதுபோல நம் பேராசிரியர்கள் ஒதுங்கிப் போவார்கள். மொத்தக் கட்டுரையிலும் தேடச் சொல்லிவிட்டு, லட்சம் கட்டுரைகள் வந்து கொட்டியதும், “அன்புக்கரசி மேடம், ஒண்ணுமே கிடைக்கலை” என்று வந்து நிற்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ரஃபியா அப்படி வந்து நின்றவள் இல்லை. அழுகிற நிலையில் வந்தாள். பதவி உயர்வுக்கு விண்ணப்பித்திருந்தாள். தேர்வுக் குழுவினர் எழுதியவர் என்ற கட்டத்தில் அவள் பெயரைப் போட்டுத் தேடியிருக்கிறார்கள். அவள் எழுதிய ஒன்றுகூட வரவில்லை. இத்தனை வருடம் கட்டுரை எழுதினேன் என்றது பொய்யா என்று கேட்காத குறை.

நானும் தேடினேன். எழுதியவர் கட்டத்தில் மலேசிய ரஃபியா வந்தாள், எகிப்து ரஃபியா வந்தாள், எங்கள் ரஃபியாவைக் காணோம். மொத்தக் கட்டுரையிலும் தேடினால் உலகத்து ரஃபியாக்கள் அத்தனை பேரும் வந்துவிட்டார்கள். பிறகு பணியிடக் கட்டத்தில் திண்டுக்கல் என்றும், தலைப்புக் கட்டத்தில் தோல் கழிவுநீர் என்பதற்கான ஆங்கிலச் சொற்களையும் போட்டேன். ஒன்பது கட்டுரைகள் வந்து உட்கார்ந்தன. எழுதியவர், அப்துல் சுக்கூர் ஆர்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு சிரித்துவிட்டோம். நம்மூரில் ஆளுக்கு ஒரு பெயர், ஓர் இனிஷியல். வெளிநாட்டு இதழின் படிவத்துக்கோ முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு வேண்டும். வெறும் இனிஷியலை அது ஏற்காது. அதனால் கடைசிப் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ரஃபியா அப்பாவின் பெயரை முழுதாக நிரப்பியிருக்கிறாள். கட்டுரையின் தலையில் இரண்டு பெயரும் சரியாகத்தான் அச்சாகியிருக்கின்றன. தரவுத்தளம் கடைசிப் பெயரை முன்னால் இழுத்து வைத்து, பாடுபட்டவளை ஒற்றை எழுத்தாக நறுக்கிவிட்டது.

நான் குழுவுக்கு விளக்கம் எழுதிக் கொடுத்தேன். பதவி உயர்வும் வந்தது. அத்தோடு விட்டிருக்கலாம். ரஃபியா இதை வேடிக்கையாக வீட்டில் சொல்லப்போக, சுக்கூர் பாய் அந்தப் பக்கத்தை அச்செடுத்து வாங்கி, மண்டியில் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் தன் பெயரைத் தொட்டுக் காட்டினார். உப்பு வியாபாரிக்கு இரண்டு முறை காட்டியதாகக் கேள்வி.

லோடு பார்க்க வந்த முகமது யாசினுக்கும் காட்டினார். யாசின், பெரிய தோல் ஷாப்பு முதலாளி கிதர் முகம்மதுவின் மகன், இன்ஜினியரிங் படித்தவன். பாய் காட்டிய பெயரோடு நிற்காமல் தலைப்பையும் படித்தான். வீட்டுக்குப் போய் செல்போனில் கட்டுரைச் சுருக்கங்களையும் படித்தான். தோல் ஷாப்புகளின் கழிவுநீரால் சுற்றுவட்டாரக் கிணறுகள் குடிக்க லாயக்கில்லாமல் போய்விட்டன என்று ஒன்பது கட்டுரைகளும் ஒரே குரலில் சொல்லின. மறுநாளே கிதர் முகம்மதுவிடமிருந்து சுக்கூர் பாய்க்கு ஆள் வந்தது.

கிதர் முகம்மது முகத்தைத் திருப்பிக்கொண்டால் மண்டி படுத்துவிடும். அவர்தான் பெரிய கிராக்கி. மகள் எழுதியது என்று சொன்னாலோ, அவள் இனி எந்தத் தோல் ஷாப்புப் பக்கமும் ஆராய்ச்சிக்குப் பாட்டிலில் தண்ணீர் பிடிக்கப் போக முடியாது. ரஃபியா தயங்கவில்லை. தானே போய் உண்மையைச் சொல்லிவிடுவதென்று கிளம்பினாள். சாட்சிக்கு என்னையும் லேப்டாப்போடு அழைத்தாள். எழுதியவர் கட்டம் என்றால் என்ன என்று நான் விளக்கவேண்டும். முதல்முறையாக ஒரு கூட்டம் என் பாடத்தைக் கவனித்துக் கேட்கப்போகிறது என்று எனக்குள் அற்ப சந்தோஷம் வேறு.

கிதர் முகம்மதுவின் ஆபீசில் நாலைந்து முதலாளிகள் உட்கார்ந்திருந்தார்கள். யாசின் செல்போனை மேசையில் வைத்தான். இதை யார் எழுதியது என்று கிதர் முகம்மது கேட்டார். நான் லேப்டாப்பைத் திறந்தேன். ரஃபியா வாயைத் திறந்தாள். அதற்குள் சுக்கூர் பாய் முந்திக்கொண்டார்.

“நாந்தேன்” என்றார்.

யாரோ சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினார். யாசின் விடவில்லை. “மாமு, உங்க இனிஷியல் கே. இதுல ஆர்னு இருக்கே?”

“ஆர்னா ராவுத்தரு.”

நான் லேப்டாப்பை மூடிவிட்டேன். அதற்குப் பிறகு என் பாடத்துக்கு அங்கே வேலை இல்லை.

கிதர் முகம்மது அசரவில்லை. அப்படியென்றால் உள்ளே என்ன எழுதியிருக்கிறாய், சொல் பார்ப்போம் என்றார். சுக்கூர் பாய் சுற்றுமுற்றும் பார்த்தார். மூலையில் ஒரு குடிதண்ணீர் கேனைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.

“ஒங்க ஷாப்புலயே கெணறு கெடக்கு. நீங்க கேன் தண்ணி வாங்கித்தேன் குடிக்கிறீங்க. அம்புட்டுத்தேண்ணே எழுதிருக்கேன். இங்கிலீசுல்ல, அதுனால நீளமாப் போச்சு.”

கிதர் முகம்மது ரஃபியாவை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார். யார் எழுதியது என்று அவருக்குத் தெரியாதா என்ன. ஆனால் தகப்பன் தன் வாயால் சொன்னபிறகு மகளிடம் கேட்பது முறையில்லை என்று நினைத்தாரோ என்னவோ, கேட்கவில்லை. போயிட்டு வா என்று மட்டும் சொன்னார்.

அதோடு அவர் சுக்கூர் மண்டியில் தோல் வாங்குவதையும் நிறுத்திக்கொண்டார். பாய் சரக்கை ஈரோட்டுக்கு அனுப்பத் தொடங்கினார். லாரி வாடகை கையைக் கடித்தது. எதற்கு அப்படிச் சொன்னீர்கள் என்று ரஃபியா சண்டை பிடித்ததற்கு, என் பேர்தானே போட்டிருக்கிறது, நான் பொய்யா சொன்னேன் என்று அவளிடமே திருப்பிக் கேட்டாராம். சுவரில் ஒட்டிய தாளை மட்டும் கிழிக்கவே இல்லை.

ரஃபியாதான் பயந்துவிட்டாள். தண்ணீர் பிடிக்கும் பாட்டில்களைக் கட்டிப் பரண்மேல் போட்டாள். முருங்கைக்கீரையில் என்ன சத்து இருக்கிறது என்று ஆராயப்போவதாகச் சொன்னாள். முருங்கைக்கீரை யாரையும் கோபப்படுத்தாது. அத்தாவின் மண்டியைவிடத் தண்ணீர் பெரிதில்லை என்றாள். எனக்கு வருத்தமாக இருந்தது. ஆனால் நட்டம் அவர்களுக்கு, நான் என்ன சொல்வது?

போன வாரம் சுக்கூர் பாய் போன் செய்தார். டீச்சரம்மா, செத்த நேரம் இருக்கா என்று ஆரம்பித்து, ஈரோட்டு வெயில், லாரிக்காரன் என்று ஒரு சுற்றுப் போய்விட்டு விஷயத்துக்கு வந்தார். சுவரில் இருக்கும் தாள் பழசாகிவிட்டதாம். கம்ப்யூட்டரில் புதிதாக ஏதாவது ஏறியிருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். எழுதியவர் கட்டத்தில் அவர் பெயரைப் போட்டுப் பார்த்தேன். அதே ஒன்பதுதான் பாய் என்றேன்.

அவர் போனை வைக்கவில்லை.

“பாட்டிலெல்லாம் பரண்ல கெடக்கு, நானும் பாத்துக்கிட்டுத்தேன் இருக்கேன்” என்றார். “பத்தாவது கட்டுரைய நான் எப்ப எழுதப் போறேன்னு ரஃபியாட்ட செத்த கேட்டுச் சொல்லுங்க டீச்சரம்மா.”