ஒரே கேள்வியோடு உட்கார்ந்த லோயர் மிஸ்

இன்று கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்தில் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுப் பாதையைப் பக்கத்து வீட்டுக்காரர் மதில் கட்டி அடைத்த வழக்கு. எங்கள் லோயர் மிஸ் லண்டனில் பாரிஸ்டராகி வந்து வெள்ளவத்தையில் இருப்பவர். சிவிலும் செய்வார், கிரிமினலும் செய்வார்.

முதலில் அவருக்கு வேறொரு வழக்கு. சங்கிலி அறுத்துக்கொண்டு ஓட்டோவில் தப்பியதாகப் பிடிபட்ட ஒருவருக்காக.

"நல்ல மழை. ஆனா பின் சீட்டில இருந்த இவரின்ர முகத்தை ரோட்டில நிண்டு கண்டனான்" என்று சாட்சி அடித்துச் சொன்னார்.

மிஸ் எழுந்தார். "ஓட்டோவுக்கு மழைச்சீலை போட்டிருந்ததா?"

"ஓம், ரெண்டு பக்கமும்."

மிஸ் உட்கார்ந்துவிட்டார்!

"அப்ப முகம் எப்பிடித் தெரிஞ்சது?" என்று நான் கத்தாத குறை.

பிறகு எங்கள் வழக்கு. அதே மிஸ் பக்கத்து வீட்டுக்காரரை விடவேயில்லை. பாதையை யார் கூட்டினது, லைட் யார் போட்டது என்று மெல்ல மெல்லப் போய், கடைசியில், "இவையின்ர அப்பாவின்ர பிரேதத்தை எந்தப் பாதையால எடுத்தவை?"

மனுசன் தலையைக் குனிந்தார். "உந்தப் பாதையாலதான்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வெளியே வந்து கேட்டேன். "மிஸ், அங்க ஏன் ஒரு கேள்வியோட நிப்பாட்டினீங்கள்?"

"அது கிரிமினல், நீதவானுக்குச் சந்தேகம் வந்தாப் போதும். இன்னொண்டு கேட்டா சாட்சி ஏதாவது விளக்கம் கண்டுபிடிச்சிடுவார். உங்கட வழக்கு சிவில், நம்பிக்கை வரோணும். அதுக்கு நேரம் எடுக்கும்."

வீட்டுக்கு வந்தால் பிரிட்ஜில் வைத்த வட்டிலப்பத்தைக் காணவில்லை. கணவரிடம் நானும் "வட்டிலப்பம் எங்க?" என்ற ஒரே கேள்வியோடு உட்கார்ந்து பார்த்தேன்.

"பூனையா இருக்கும்" என்கிறார்.

பிரிட்ஜைத் திறந்து, சாப்பிட்டு, திரும்ப மூடிவைக்கும் பூனை.

இனி இதைச் சிவிலாகத்தான் கொண்டுபோக வேண்டும், என்ன சொல்கிறீர்கள்?