கோ-கோவுக்கு ஒரு தனிப் பலகை

எனக்கு விளையாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. அடக்கத்துக்காகச் சொல்லவில்லை. ஓவருக்கு எத்தனை பந்து என்று கேட்டால்கூட ஒரு நிமிடம் யோசித்துத்தான் சொல்வேன். கல்லூரியில் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்வது என் வேலை. முதல்வர் கூப்பிட்டு அந்தக் காரியத்தை என் தலையில் கட்டியபோது அவரிடமும் இதையேதான் சொன்னேன்.

"தெரியாதவங்க செஞ்சாதாம்மா பாரபட்சம் இருக்காது" என்றார். அது பாராட்டா, வேறு ஏதாவதா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

காரியம் இதுதான். கல்லூரியின் இணையதளத்தில் எங்கள் அணிகளின் ரசிகர்கள் எழுதிப் பேசிக்கொள்ள ஒரு பகுதி இருந்தது. மாணவர்கள், படித்து முடித்துப் போனவர்கள், பெற்றோர், மின்நிலைய டவுன்ஷிப்பில் பொழுது போகாதவர்கள் என்று யார் வேண்டுமானாலும் சேரலாம். கிரிக்கெட்டுக்கு ஒரு பலகை, கால்பந்துக்கு ஒன்று, வாலிபாலுக்கு ஒன்று. மிச்சம் இருந்த அத்தனைக்கும் சேர்த்து 'மற்றவை' என்று ஒரே பலகை. இனி எந்தெந்த ஆட்டத்துக்குத் தனிப் பலகை தரலாம் என்று காரணத்தோடு எழுதித் தரச் சொன்னார். இரண்டு வாரம் அவகாசம்.

ஓர் ஆட்டத்துக்குத் தகுதி இருக்கிறது என்று எதை வைத்துச் சொல்வது? எவ்வளவு எழுதுகிறார்கள் என்று முதலில் பார்த்தேன். கிரிக்கெட் பலகையில் நாள் முழுக்கப் பேச்சு. உள்ளே போய்ப் படித்தால் காலை வணக்கம், டி.வி.யில் பார்த்த மேட்சைப் பற்றிய சண்டை, யாரோ ஒருவரின் பழைய பைக் விற்பனைக்கு. எங்கள் கல்லூரிக்கு என்று ஓர் அணி இருப்பதே அங்கே யாருக்கும் நினைவில்லை. சரி, மைதானத்துக்கே போய்ப் பார்ப்போம் என்று ஒரு சாயங்காலம் போனேன். கிரிக்கெட் பார்க்க ஆளே இல்லை. பூப்பந்தாட்டத்துக்குச் சுற்றிலும் நல்ல கூட்டம். முதல் ஷிப்ட் முடிந்து குளித்துவிட்டு வந்தவர்கள், வலையைச் சுற்றி நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர்கூடப் பலகையில் ஒரு வரி எழுதியதில்லை. கேட்டால், "அதான் இங்கயே பேசிட்டோமே" என்றார்கள்.

எனக்குத் தலை சுற்றியது. எழுதுகிறவன் பார்ப்பதில்லை, பார்க்கிறவன் எழுதுவதில்லை. இதில் ரசிகன் யார்?

நான் பிறந்தது வளர்ந்தது எல்லாம் குவார்ட்டர்ஸில்தான். எங்கள் ஊரில் எதுவும் அலாட்மென்ட் ஆகித்தான் கிடைக்கும். கிரேடுக்குத் தகுந்த டைப் வீடு, சீனியாரிட்டி பார்த்து பிளாக், ஒரு குடும்பத்துக்கு ஒரே குவார்ட்டர்ஸ். வேறு வழி தெரியாததால் அந்த வழியிலேயே போனேன். ஓர் ஆட்டத்துக்கு எத்தனை பேர் உறுப்பினராகப் பெயர் கொடுக்கிறார்களோ, அந்த எண்ணிக்கையை வைத்துப் பலகை என்று முடிவு செய்தேன். செய்தி எப்படியோ கசிந்தது. மறுநாளே கிரிக்கெட்காரர்கள் எல்லா ஆட்டத்துக்கும் பெயர் கொடுத்து எண்ணிக்கையை ஏற்றிவிட்டார்கள். கோபம் வந்தது. ஒருவருக்கு ஒரே பலகை, சேர்ந்த பலகையில்தான் எழுதலாம் என்று விதி போட்டேன். போட்டதும் எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது.

அந்த விதிப்படி பார்த்தால் பெண்கள் கோ-கோவுக்குப் பலகை கிடையாது. பெயர் கொடுத்தவர்கள் மொத்தமே பதினோரு பேர். அதைக் கேள்விப்பட்டு அணியின் கேப்டன் லேபுக்கு வந்தாள். பண்ருட்டிப் பக்கத்துப் பெண், மூன்றாம் ஆண்டு. முழங்கையில் தோல் உரிந்து ஆறாத காயம்.

"பேப்பர்ல போட்டோ போட்டாலும் எங்கள 'மற்றும் பலர்'னுதான் போடறாங்க. இங்கயும் மற்றவையா மேடம்?"

அவள் போன பிறகு வெகுநேரம் அந்த 'மற்றவை'யையே திறந்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தேன். அங்கே ஒருவர் மட்டும் விடாமல் எழுதிக்கொண்டிருந்தார். மின்நிலையத்தில் கன்ட்ரோல் ரூம் ஆபரேட்டர், பெர்மனென்ட். அவருடைய மகன் இங்கே பளுதூக்கும் அணியில் இருந்துவிட்டு, படிப்பு முடிந்து போய்விட்டான். அப்பா மட்டும் மைதானத்துக்கு வருவதை நிறுத்தவில்லை. கோ-கோ, செஸ், ஓட்டப்பந்தயம் என்று எதையும் விடமாட்டார். எழுதுவது ஷிப்ட் லாக் புக் மாதிரி இருக்கும். '3.10 ஆட்டம் ஆரம்பம். 3.12 நம்ம பக்கம் ஒரு ஆள் அவுட். 3.15 கேப்டன் இன்னும் நிற்கிறார். கோடு சரியாகப் போடவில்லை, சம்பந்தப்பட்டவர்கள் கவனிக்கவும்.' கீழே செஸ் ஆடுகிற ஒரு பையனின் அம்மா ஒரு கும்பிடு போட்டிருப்பார். நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

கடைசியில் முதல்வருக்கு எழுதிக் கொடுத்தது இது: எந்த ஆட்டமும் மற்றவை இல்லை. ஆகவே அந்தப் பலகையையே எடுத்துவிடலாம். சின்ன ஆட்டங்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பலகை. முதல்வருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. கேப்டன் ஓடி வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். வீட்டுக்காரரிடம் ராத்திரிச் சாப்பாட்டின்போது இதைப் பெருமையாகச் சொன்னேன். "பரவாயில்லையே" என்றார், ரசத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

பத்து நாள் இருக்கும். தளத்தில் உதவிக்கு என்று போட்டிருந்த நம்பர் என்னுடையதுதான். ஒரு மத்தியானம் அதில் ஒரு பெண் கூப்பிட்டார்.

"மேடம், அந்த ஐயா எழுதறது நின்னு போச்சுங்களே. ஒடம்பு கிடம்பு சரியில்லிங்களா?"

எந்த ஐயா என்று கேட்டேன்.

"கோ-கோ பத்தி மணி போட்டு மணி போட்டு எழுதுவாரே, அவருதாங்க. நாங்க பண்ருட்டியில முந்திரிப் பருப்பு உரிக்கிறவங்க. இங்க ஒரு புள்ள போன்ல அதப் படிக்கும். நாங்கல்லாம் உரிச்சிகினே கேப்போம். இப்ப தொறந்தா காலியா கெடக்குது."

எத்தனை பேர் கேட்பீர்கள் என்றேன். "ஷெட்டுல இருக்கிற எல்லாரும்தாங்க. இருவது பேரு இருப்போம்" என்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "கேப்டன்னு எழுதுவாருல்ல, அது எம் பொண்ணுங்க."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மகளிடம் சொல்கிறேன், அவளே உங்களுக்கு எல்லாம் சொல்வாள் என்றேன். அந்த அம்மா பதறிப்போனார்.

"ஐயோ சொல்லிடாதீங்க மேடம்! வெளயாடப் போவாதன்னு ரெண்டு வருஷமா வூட்டுல கத்திகினு இருக்கிறவ நான்தான். கையில கால்ல அடிபட்டுகினு வந்தா எவன் கட்டிப்பான்னு கேட்டவ. இப்ப போயி கேட்டுகினு இருக்கேன்னு தெரிஞ்சா என்னா நெனைப்பா? சத்தியமா சொல்லாதீங்க."

சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். போனை வைத்துவிட்டு உறுப்பினர் பட்டியலைப் பார்த்தேன். கோ-கோவில் பதினோரு பேர். ஒன்பது பேர் ஆடுகிற பெண்கள், பத்தாவது அவர்களுடைய கோச். பதினோராவது, பெயர் இல்லாமல் ஒரு முந்திரிப்பழப் படம். அதைத்தான் நான் ஒன்று என்று எண்ணியிருந்தேன். ஆடுகிற பெண்கள் ஆடுவார்களா, எழுதுவார்களா? பலகை திறந்த நாளிலிருந்து அதில் ஒரு வரி கிடையாது.

ஆபரேட்டருக்குப் போன் செய்தேன். ஏன் எழுதுவதில்லை என்று கேட்டேன்.

"ஒருத்தருக்கு ஒரு போர்டுன்னு நீங்கதான மேடம் போட்டீங்க. பையன் தூக்குன ஐட்டம், அத விட முடியுமா? வெயிட் லிஃப்டிங் எடுத்துக்கிட்டேன். அலாட்மென்ட் ஆனப்புறம் இன்னொருத்தர் வூட்ல போயி ஒக்கார முடியுங்களா?"

அவர் குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நம்பினார். எனக்குத்தான் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. விதியை எடுத்துவிடுகிறேன், வியாழக்கிழமை கோ-கோ மேட்ச் இருக்கிறது, வந்து எழுதுங்கள் என்று கெஞ்சினேன்.

"இந்த வாரம் செகண்ட் ஷிப்ட் மேடம். மேட்ச் மூணு மணிக்கு. நான் ரெண்டு மணிக்கே உள்ள போயிருவேன். போனும் வெளியவே வச்சிரணும்."

மறுபடியும் 'மற்றவை'யைத் திறந்துவிடலாமா என்று யோசித்தேன். திறந்தால் கேப்டனின் முகத்தில் எப்படி விழிப்பது? திறக்காவிட்டால் அந்த அம்மாவுக்கு என்ன சொல்வது? மகள் கேட்டதைக் கொடுத்தேன், அதில் அம்மாவின் காதை அடைத்துவிட்டேன். யாருக்கு நியாயம் செய்தேன் என்றே எனக்கு விளங்கவில்லை. வியாழக்கிழமை அரைநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, குடையும் போனுமாக நானே மைதானத்தில் போய் உட்கார்ந்தேன்.

கோ-கோவை நான் அதற்கு முன் ஒழுங்காகப் பார்த்ததில்லை. விசில் ஊதியதும் எழுத ஆரம்பித்தேன். '3.05 எதிரணியில் எட்டுப் பேர் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். பாதிப் பேர் இந்தப் பக்கம் பார்த்து, பாதிப் பேர் அந்தப் பக்கம் பார்த்து. ஏன் என்று தெரியவில்லை. 3.07 ஒருத்தி துரத்துகிறாள். நம் பெண்கள் மூன்று பேர் ஓடுகிறார்கள். ஒருத்தி வெளியே போகிறாள். தண்ணீர் குடிக்கவா என்று தெரியவில்லை. 3.09 துரத்துகிறவள் நம் கேப்டனைத் தாண்டிப் போய்விட்டாள். கை நீட்டினால் தொடலாம், திரும்பவில்லை. கண் தெரியவில்லையோ?'

அப்போதுதான் பலகையில் அந்த முந்திரிப்பழம் முதல்முறையாகப் பேசியது.

'மேடம், தொரத்தறவ பாதியில திரும்பக் கூடாது. கம்பத்துகிட்ட போய்தான் திரும்பணும். இல்லன்னா ஒக்காந்து இருக்கிறவ முதுகத் தட்டி கோ குடுத்து எழுப்பணும். நம்ம புள்ள அத வச்சிதான் ஏமாத்துறா. அவ நிக்கிறாளா?'

நிற்கிறாள் என்று எழுதினேன். 'வெளிய போனது தண்ணி குடிக்க இல்ல, அவுட்டு' என்று அடுத்தது வந்தது. அப்புறம் நான் பார்த்ததை மட்டும் எழுத, அது என்னவென்று பண்ருட்டியிலிருந்து விளக்கம் வந்துகொண்டே இருந்தது. கேப்டன் குனிந்தாள், வளைந்தாள், உட்கார்ந்திருந்தவர்களுக்கு நடுவில் நுழைந்து மறுபக்கம் போனாள். 'கம்பத்துகிட்ட போவாதன்னு சொல்லுங்க மேடம்' என்று ஒரு வரி வந்தபோது நான் எழுந்து நின்று "கம்பத்துகிட்ட போகாத!" என்று கத்தியேவிட்டேன். கோச் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவள் அடிபட்டு விழுந்து, தொடப்பட்டு, வெளியே வந்தாள். 'அவுட். எழுந்து நடக்கிறாள். ஒன்றுமில்லை' என்று எழுதினேன்.

பிறகு, 'எவ்ளோ நேரம் நின்னா?'

கோச்சிடம் கேட்டு எழுதினேன். மூன்று நிமிடத்துக்கு மேல்.

அன்றைக்கு எங்கள் அணி தோற்றது. அதையும் கோச் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

மறுநாள் காலையில் கேப்டன் லேபுக்கு வந்தாள். தோற்ற வருத்தம் முகத்தில் இருந்தது, ஆனால் கையில் போனைத் திறந்து பிடித்திருந்தாள். நான் எழுதிய கூத்தைப் பார்த்துச் சிரிக்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் காட்டியது கடைசியில் இருந்த வரியை. முந்திரிப்பழம் சாயங்காலம் ஆறு மணிக்கு எழுதியிருந்தது. 'தோத்தா என்னா. மூணு நிமிசம் எட்டுப் பேரு நடுவுல தனியா நின்னா. அது போதும்.'

"யாரு மேடம் இது?"

யாரோ ரசிகர் போலிருக்கிறது என்றேன். வாக்குக் கொடுத்த வாய். திரையைப் பார்ப்பது மாதிரித் திரும்பிக்கொண்டேன்.

"ஆட்டம் நல்லா தெரிஞ்சவங்க மேடம். எங்க கோச்சுகூட நேத்து இப்படிச் சொல்லல." அவள் ஒரு ஸ்டூலை இழுத்து உட்கார்ந்து போனை மடியில் வைத்துக்கொண்டாள். "எங்க அம்மாவுக்கு ஒருநாள் இத படிச்சிக் காட்டணும் மேடம். யாருன்னே தெரியாதவங்க எப்படி எழுதியிருக்காங்க பாருன்னு. அப்பவாவது அவங்களுக்குப் புரியுதான்னு பாக்கறேன்."

"ஒருநாள் என்ன ஒருநாள்" என்றேன். "இன்னைக்கே படிச்சுக் காட்டும்மா."