வெள்ளை பாஸை எடுத்துப் பார்த்த நாள்

பாஸ் வாங்கப் போகிறவர் தனியாகப் போகக் கூடாது. அதைச் சுமந்து ஊதுகிறவருக்கு அதன் சத்தம் சரியாகக் கேட்காது. தலையைத் தாண்டி முன்னால் போய்விடும். எட்டி நின்று கேட்க இன்னொருவர் வேண்டும். அதனால்தான் என் கணவரோடு நானும் திண்டிவனத்துக்குப் பஸ் ஏறினேன்.

பாஸ் என்று எங்கள் பக்கம் சொல்வது பேண்டு செட்டில் உடம்பைச் சுற்றி மாட்டிக்கொள்ளும் பெரிய ட்யூபாவை. பித்தளைக் குழாய் இடது தோளில் ஏறி, முதுகைச் சுற்றி, வலது இடுப்புப் பக்கம் இறங்கும். தலைக்கு மேலே தாம்பாளம் அளவுக்கு அதன் வாய் விரிந்திருக்கும். விழுப்புரத்தில் என் அண்ணன் நடத்தும் செட்டில், எங்கள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே கணவர்தான் பாஸ். பகலில் ஒரு மர அறுவை மில்லில் வேலை. கல்யாணம், சாவு, மாதா கோயில் தேர் என்று அழைப்பு வந்தால் சிவப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

போன வருடம் ஒரு கல்யாணம் முடிந்து வரும்போது, விக்கிரவாண்டி தாண்டி சாலையோர மணலில் வண்டி சறுக்கி விழுந்தார். இடது காறை எலும்பு உடைந்தது. தகடு வைத்துத் தைத்தார்கள். எலும்பு கூடிய பிறகு டாக்டர் சொன்னது இது: கையால் எதையும் தூக்கலாம், ஆனால் அந்தத் தோளில் பாரத்தைத் தொங்கவிட்டு வெகுதூரம் நடக்கக் கூடாது. பாஸ்காரருக்கு வேறு என்ன வேலை இருக்கிறது?

சில மாதங்கள் பாஸ் இல்லாமலே அண்ணன் ஒப்பேற்றினார். அந்த நாட்களில் ஒரு சாவு ஊர்வலத்தை நான் தெருவில் நின்று பார்த்தேன். பாட்டு கேட்டது. ஆனால் கூட்டம் ஆளுக்கொரு பக்கமாக நடந்தது. தூக்கிக்கொண்டு போகிறவர்களின் கால்கள்கூடச் சேரவில்லை. பாஸ் என்பது காதுக்கு மட்டுமல்ல, காலுக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. அண்ணனுக்கு அது எப்போதோ தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்துவிட்டார்.

"மாப்ள, தேர் வருது. நீ நடக்க முடியற மாதிரி ஒரு பாஸு பாத்துக்கினு வா. இல்லன்னா சொல்லிடு, வேற ஆள வெச்சிக்கிறேன். உன்ன வுட்டுட மாட்டேன், தாளம் தட்டு."

"தாளமா?" என்றார் கணவர். சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

திண்டிவனத்தில் பழைய பேண்டு கருவிகளைச் சரிபார்த்து விற்கும் ஒருவரைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தார். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. உள்ளே டிரம்பெட்டுகள் கொக்கிகளில் தொங்கின. ஒரு மூலையில் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்த பித்தளை பாஸ். கணவரின் கண் நேராக அங்கே போனது.

"இத எடுங்க," என்றார்.

மாட்டிக்கொண்டார். ஊதினார். கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. நல்ல சத்தம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. "எப்படிங்க இருக்குது தோளு?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்ல. பஞ்சு மாதிரி இருக்குது."

"நடந்து காட்டுங்க."

வெளியே சந்து. அதில் அவர் ஊதிக்கொண்டே நடக்க, நான் பின்னால் போனேன். அவர் வாசித்தது அவரே நூறு கல்யாணத்தில் வாசித்த பாட்டு. எந்த இடத்தில் மூச்சு எடுப்பார் என்பது எனக்குத் தெரியும். வீட்டில் காய் நறுக்கிக்கொண்டே கேட்டுக் கேட்டுப் பழகியது. அன்று அந்த இடம் வருவதற்கு முன்பே மூச்சு எடுத்தார். அடுத்த வரியில் இன்னும் முன்னால். வரியின் கடைசிச் சத்தம் வாலறுந்து விழுந்தது. வலி மூச்சைக் குறுக்கிவிடும். வாய் பொய் சொன்னாலும் பாஸ் பொய் சொல்லவில்லை.

"கழட்டுங்க," என்றேன்.

"ஏம்மா, நல்லாத்தான இருந்திச்சி?"

"பாஸு நல்லாத்தான் இருக்குது. நீங்க நல்லா இல்ல. நடுவுல மூச்சு வாங்கறீங்க."

அவர் கழற்றினார். சட்டையின் இடது பக்கம், தகடு இருக்கும் இடத்தில், குழாய் வளையத்தின் அச்சு ஈரமாகப் பதிந்திருந்தது. கடைக்காரர் அதைப் பார்த்தார். பிறகு, காட்டலாமா வேண்டாமா என்று யோசித்தவர்போல, தார்ப்பாயை விலக்கி இன்னொன்றை எடுத்து வந்தார்.

அது வெள்ளையாக இருந்தது. ஊதும் குழாயும் விரலால் அழுத்தும் வால்வுகளும்தான் பித்தளை, மற்றதெல்லாம் பைபர். பாண்டிச்சேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூட பேண்டில் இருந்ததாம். பேண்டை நிறுத்தியபோது இவர் வாங்கி வந்திருக்கிறார். அதன் பிறகு யாரும் தொடவில்லை.

"இது இன்னாங்க, மொட்ட மாடியில இருந்து தண்ணி டேங்க கழட்டிக்கினு வந்துட்டீங்களா?" என்றார் கணவர்.

"எல்லாரும் இதத்தான் சொல்றாங்க. தூக்கிப் பாருங்க, அப்புறம் சொல்லுங்க," என்றார் கடைக்காரர்.

எனக்காகத்தான் மாட்டிக்கொண்டார் என்று நினைக்கிறேன். மாட்டியவுடன் முகம் மாறியது. புதுச் சட்டை போட்டுப் பார்ப்பவர்போல இப்படி ஒரு முறை, அப்படி ஒரு முறை திரும்பினார். இடது கையை மேலே தூக்கினார், இறக்கினார். கேலியை நிறுத்திவிட்டார்.

ஆனால் எடை குறைந்தால் வேறு தொல்லை வருகிறது. நடந்தபோது அது ஆடியது. வாயில் வைக்கும் மவுத்பீஸ் பல்லில் இடித்தது. என் பையிலிருந்த துண்டை நான்காக மடித்து, வளையத்துக்கும் அவர் விலாவுக்கும் நடுவில் செருகினேன். ஆட்டம் நின்றது. மறுபடி நடக்கச் சொன்னேன். சந்தின் கோடிவரை போய்த் திரும்பி வந்தார். மூச்சு அதனதன் இடத்தில் விழுந்தது.

இனி சத்தம். முதலில் பக்கத்தில் நின்று கேட்டேன். மந்தமாக இருந்தது. பித்தளையில் ஒரு சத்தம் முடிந்த பிறகும் ஒரு மினுக்கம் காற்றில் நிற்கும். இதில் அது இல்லை. சத்தம் வந்தது, விழுந்தது, அவ்வளவுதான். பிறகு சந்தின் கோடிக்குப் போய் நின்றேன். அங்கே மந்தம் தெரியவில்லை. அடி மட்டும் திடமாக வந்து சேர்ந்தது. வந்து உள்ளதை உள்ளபடி சொன்னேன்.

"பித்தள மாதிரி இல்லைங்க. கிட்ட நின்னா தெரியும். தூரத்துல நிக்கிறவங்களுக்குத் தெரியாது."

"கிட்ட நிக்கிறது உங்க அண்ணன்தான்," என்றார் அவர்.

உண்மைதான். அண்ணனைக் கேட்காமல் எடுக்க முடியாது. போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தேன்.

"பைபர்ல பாஸா?" என்றார் அண்ணன். "நாம இன்னா மாப்ள, சாவுக்கு வாசிக்கப் போறமா, தெருவுக்குத் தண்ணி வுடப் போறமா?"

"மச்சான், கேட்டுட்டுப் பேசு."

"சரி, அடக்கத்துக்கு வாசிக்கிறத வாசி. அதுலதான் வண்டவாளம் தெரியும்."

கணவர் மெதுவாக ஆரம்பித்தார். சவப்பெட்டியைத் தூக்கும்போது வாசிக்கும் பாட்டு அது. கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு சத்தத்தையும் தரையில் வைப்பதுபோல வாசித்தார். என் காலடியில் மண் அதிர்வது தெரிந்தது.

"இன்னாய்யா இது?" என்றது போன். "கொசு கத்தற மாதிரி கேக்குது!"

"அண்ணே, அது போனு கோளாறு. பாஸு சத்தம் போன்ல ஏறாது. இங்க நல்லா கேக்குது."

"நீ உன் வூட்டுக்காரருக்கு ஏத்துக்கினு பேசாத. கொசு சத்தத்த வெச்சிக்கினு நான் தேர் இழுக்க முடியுமா? வுட்டுடுங்க. தாளத்த எடுத்துக்கச் சொல்லு."

கணவர் மவுத்பீஸிலிருந்து வாயை எடுத்தார். பாஸைக் கழற்றுவதற்காக வலது கையை வளையத்தில் வைத்தார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை.

அப்போது எதிர்வீட்டுக் கதவு திறந்தது. ஓர் அம்மா முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு வேகமாக வாசலுக்கு வந்தார். உரித்துக்கொண்டிருந்த மல்லாட்டைக் கடலையின் தோல் புடவையில் ஒட்டியிருந்தது. கடைக்காரரைப் பார்த்துக் கேட்டார்:

"யாரு வூட்லங்க? காலையிலகூட ஒண்ணும் சொல்லலியே. எப்ப எடுக்கறாங்க?"

"யாருக்கும் ஒண்ணும் இல்லக்கா. பாஸு வாங்க வந்திருக்காங்க. வாசிச்சிப் பாக்கறாங்க."

"அட பாவிங்களா! டிவிய நிறுத்திட்டு, அடுப்ப அணைச்சிட்டு ஓடி வர்றேன். நெஞ்சு திக்குனு ஆயிடிச்சி. வாசிச்சிப் பாக்க வேற பாட்டே கெடைக்கலியா உங்களுக்கு?"

போன் இன்னும் என் கையில் விழித்துக்கொண்டுதான் இருந்தது.

"யாரும்மா அது?" என்றார் அண்ணன்.

"எதுத்த வூட்டு அம்மா."

"வூட்டுக்குள்ள இருந்தாங்களா?"

"ஆமாண்ணே. கதவு சாத்தியிருந்திச்சி."

"டிவி ஓடிக்கினு இருந்திச்சா?"

அந்த அம்மாவே போன் பக்கம் குனிந்து, "ஓடிக்கினு இருந்திச்சி, சத்தமாத்தான். நீங்க யாரு, இந்தப் பேஜாருக்கெல்லாம் தலைவரா?" என்றார்.

போனில் அண்ணன் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டபோதுதான் கணவர் வளையத்திலிருந்து கையை எடுத்தார்.

"சரி மாப்ள, எடுத்துக்கினு வா. ஆனா முன்னால நிக்காத. பின் வரிசைல நில்லு. வெள்ள வெளேர்னு நீ முன்னால வந்தா, ஜனங்க பெட்டிய வுட்டுட்டு உன்னத்தான் பாக்கும்."

பாஸின் வாய் தனியாகக் கழலும். பஸ்ஸில் அதை நான் மடியில் வைத்துக்கொண்டேன், வளையம் அவரிடம். கூட்டேரிப்பட்டில் ஏறிய ஒருவர், "இது இன்னாங்க, மாட்டுக்குத் தண்ணி வெக்கிறதா?" என்று கேட்டார். கணவர் கோபப்படாமல், வால்வை அழுத்திக் காட்டி அவருக்கு விளக்கிக்கொண்டே வந்தார்.

தேருக்கு முன்பே ஒரு சாவு வந்தது. முகையூர்ப் பக்கம், வயதான ஒரு தாத்தா. நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு நானும் போனேன். ஊர்வலத்துக்கு வெளியே, சாலையின் மறுபக்கத்தில், சத்தம் கேட்கும் தூரத்தில் நடந்தேன். பின் வரிசையில் வெள்ளை பாஸ், அதன் கீழே மடித்த துண்டு. இரண்டு பேர் அதைக் காட்டி ஏதோ சொல்லிச் சிரித்ததைப் பார்த்தேன். மினுக்கம் இல்லாத சத்தம்தான். ஆனால் பெட்டியைத் தூக்கியவர்களின் கால்கள் அதன்மேல் ஒன்றாக விழுந்தன.

கல்லறை வாசல்வரை மூச்சு எங்கும் அறுபடவில்லை. வேனில் கருவிகளை ஏற்றும்போது அண்ணன் அவரிடம் வந்தார்.

"பித்தள மாதிரி வராது மாப்ள."

"வராதுதான்," என்றார் கணவர். "தேருக்கு எத்தன மணிக்கு வரணும்?"