பட்டியலில் இல்லாத உறவு

முத்துவேல் இறந்துவிட்டார் என்று முருங்கனிலிருந்து அவருடைய பக்கத்து வீட்டுக்காரர் தொலைபேசியில் சொன்னபோது, என் வாயில் முதலில் வந்தது, "ஆர் சொன்னது?" என்ற கேள்விதான். "நான்தான் சொல்லுறன், மிஸ். விடியக் காத்தால நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனனான்" என்றார் அவர், சற்றுக் கோபமாக. அவரோடு வேலை செய்த யாருக்கும் என் கேள்வி புரியும். ஆர் சொன்னது, எப்ப சொன்னது என்று கேட்டுக் கேட்டே எங்கள் உயிரை வாங்கிய மனிதர் அவர்.

மரணத்தை முறைப்படி எங்கள் நிறுவனத்தின் கொழும்புத் தலைமைக் கந்தோருக்கு நானே அறிவித்தேன். பதில் உடனே வந்தது. தேடுபவர் இறந்தபடியால், காணாமற்போன அவருடைய தம்பியைப் பற்றிய தேடல் இந்த மாத முடிவில் மூடப்படும் என்றிருந்தது. ஒரு அனுதாப வார்த்தை கூட இல்லை. அந்த எரிச்சலோடுதான் இதை எழுதுகிறேன்.

போர்க்காலத்தில் மன்னாரில் எங்கள் வேலை, பிரிந்துபோன குடும்பங்களைச் சேர்ப்பது. நான் முகாம் முகாமாகப் போய் விசாரித்து வருவேன். முத்துவேல் கணினியில் ஏற்றுவார். தகவல்கள் பட்டியலாக இல்லை, மீன்வலை போலக் கிடந்தன. ஆளுக்கு ஒரு முடிச்சு, முடிச்சுகளுக்கு நடுவே உறவு என்ற நூல். ஒவ்வொரு நூலிலும் சொன்னவர் யார், எப்போதிலிருந்து எப்போதுவரை உண்மை என்பதும் இருக்கும். வலை கொழும்பில் இருந்தது. ஏபிஐ என்ற வாசல் வழியாகத்தான் நாங்கள் எதையும் கொடுக்க முடியும். வாசலுக்குத் தெரியாத உறவைக் கொடுத்தால் திருப்பி அனுப்பிவிடும். மின்சாரமும் இணைப்பும் ஒன்றாக இருக்கும் நாட்களில்தான் அதுவும்.

ஒருவர் முகாம் மாறிவிட்டார், பழைய இடத்தை அழியுங்கோ என்று ஒருநாள் சொன்னேன். "அழிக்கமாட்டன், மிஸ். அவர் அங்க இருந்தது பொய்யே? முடிஞ்சுது எண்டு போடுவம்" என்றார். வெளியே சனம் வெயிலில் நிற்கிறது, இவர் ஆறுதலாக முடிவுத் தேதி போட்டுக்கொண்டிருக்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எல்லாவற்றையும்விட என்னை வதைத்தது திரேசம்மாவின் விஷயம். முருங்கன் முகாமில் தாயைத் தவறவிட்ட ஒரு சின்னப் பெண்பிள்ளை இருந்தாள். பள்ளிமுனையிலிருந்து திரேசம்மா வந்தார். "ஞானஸ்நானத்துக்கு ஏந்தினது நான்தான். பிள்ளையை என்னட்டத் தாங்கோ" என்றார். உறவு பதிவானால்தான் பிள்ளையைக் கையளிப்பார்கள். ஞானத்தாய் என்ற உறவு கொழும்பின் பட்டியலில் இல்லை. வாசல் திருப்பி அனுப்பியது.

"பெரியம்மா எண்டு போட்டுவிடுங்கோ" என்றேன் நான்.

"போட்டா, தாயோட கூடப்பிறந்தவ எண்டு வலை நம்பிடும். பிறகு இல்லாத குடும்பத்துக்குள்ள தாயைத் தேடும்" என்றார் முத்துவேல். புதிய உறவு கேட்டு எழுதினார். திரேசம்மா நாளும் வந்து கந்தோர் வாசல் கதிரையில் இருந்துவிட்டுப் போவார். பிள்ளை முகாமில் காய்ச்சலில் கிடந்தாள். நான் முத்துவேலோடு பேசுவதை விட்டேன்.

ஒருவழியாகக் கொழும்பில் அந்த உறவைச் சேர்த்தார்கள். பிள்ளை திரேசம்மாவிடம் போனாள். தேடவேண்டிய தாயின் பெயர் மேரி. முகாம்களில் மேரிகளுக்குக் குறைவில்லை. ஆனால் வவுனியா முகாமொன்றில் ஒரு மேரி, மகளுக்கு ஞானத்தாய் பள்ளிமுனைத் திரேசம்மா என்று சொல்லியிருந்தாள். கணினியில் போட இடமில்லாமல் அங்கே துண்டுக் கடதாசியில் எழுதி வைத்திருந்தார்கள். அதையும் ஏற்றியதும் இரண்டு நூலும் திரேசம்மாவில் வந்து சந்தித்தன. தாய் வந்தாள். முத்துவேல் சொன்னது சரிதான். ஆனாலும் அந்தக் காய்ச்சல் நாட்களுக்காக நான் அவரை மன்னிக்கவில்லை. இன்றும் இல்லை.

அவருடைய தம்பி முசலிப் பக்கம் கூலி வேலைக்குப் போனவன். சண்டை அங்கே வந்தபோது ஊரே இடம்பெயர்ந்தது, அவன் மட்டும் திரும்பவில்லை. தாய் தகப்பன் முன்பே இறந்துவிட்டார்கள்; முத்துவேல் கலியாணமும் கட்டவில்லை. ஒவ்வொரு காலையும் முதலில் அந்தத் தேடலைத்தான் திறந்து பார்ப்பார். புதிதாக ஒன்றும் இருக்காது. "கேக்க ஒரு ஆள் இருக்கும்வரைக்கும் அது திறந்திருக்கும், மிஸ்" என்பார். பிறகு எங்கள் வேலையைத் தொடங்குவார்.

போன கிழமை அந்தத் தேடலை என் பெயருக்கு மாற்றப் பார்த்தேன். காணாமற்போனவருக்கு நீங்கள் என்ன உறவு என்று வாசல் கேட்டது. தாய், தகப்பன், சகோதரி எல்லாம் இருந்தன. முத்துவேலின் பிடிவாதத்தால் ஞானத்தாயும் இருந்தாள். அண்ணனோடு வேலை செய்தவள் என்ற உறவு இல்லை. சகோதரி என்று அழுத்தினால் அடுத்த நொடி தேடல் என்னுடையது. விரல் அதன் மேலே போய் நின்றது. பிறகு கையை எடுத்துவிட்டேன். புதிய உறவு கேட்டுக் கொழும்புக்கு எழுதினேன். பதில் இல்லை. திரும்ப எழுதினேன். அதற்கும் இல்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பாழாய்ப்போன நேர்மைதான். வேண்டுமென்று கேட்டு வாங்கியதல்ல. மாதம் முடியப்போகிறது. காலையில் கந்தோருக்கு வந்ததும் முதலில் அந்தத் தேடலைத்தான் நானும் திறந்து பார்க்கிறேன். இன்று காலை திறந்துதான் இருந்தது.