கருவாடும் கொழுப்புக் கட்டியும்

வயிற்று டாக்டர் இருந்தார். மயக்க ஊசி போடும் டாக்டரம்மா இருந்தார். நர்ஸ் ஒருத்தி. கதவோரம் என் நாத்தனார். கட்டிலில் நான். என் வீட்டுக்காரர் வரவில்லை, கடலுக்குப் போயிருந்தார். தாம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரி, காலை ஒன்பது மணி.

நான் மேடவாக்கத்தில் மீன் விற்கிறவள். நாலு மாதமாகக் கூடையைத் தூக்கினால் கண் இருட்டியது. வெளிக்குப் போனால் தார் மாதிரி கருப்பு. இரண்டு பாட்டில் இரத்தம் ஏற்றினார்கள். வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். இரைப்பையில் கட்டி, அதன்மேல் புண், அதிலிருந்து கசிவு. கிள்ளி டெஸ்டுக்கு அனுப்பியதில் ஒன்றும் தெரியவில்லை. கட்டி உள்தோலுக்கு அடியில் இருந்ததாம். நுனியில் ஸ்கேன் வைத்த இன்னொரு குழாய் விட்டார்கள்.

கொழுப்புக் கட்டி மாதிரி இருக்கிறது, இரைப்பையில் இது வருவது அபூர்வம் என்றார் டாக்டர். கருவியால் அமுக்கினாராம். குழி விழுந்து மெதுவாக எழுந்ததாம்.

எனக்கு அது பிடிக்கவில்லை. நல்ல மீனை அமுக்கினால் உடனே எழும். குழி நின்றால் அதை நாங்கள் கூடையில் வைக்க மாட்டோம். அவரிடமே சொன்னேன்.

"மீனுக்கு அது கெட்டது. இந்தக் கட்டிக்கு அதுதாம்மா நல்லது."

இருந்தாலும் எடுத்துப் பார்க்காமல் கேன்சர் இல்லை என்று சொல்ல மாட்டேன் என்றார். வாய் வழியாகவே அறுத்து எடுக்கலாம். இரைப்பையில் ஓட்டை விழுந்து அடைக்க முடியாமல் போனால் வயிற்றைத் திறக்க வேண்டும். திறந்தால் மூன்று மாதம் கூடை தூக்கக் கூடாது. வேறு வேலை எனக்குத் தெரியாது.

கட்டியை எடுக்கப் படுத்திருந்த அன்று காலை நர்ஸ் கேட்டாள், இராத்திரியிலிருந்து ஏதாவது சாப்பிட்டீர்களா என்று. இல்லை என்றேன். நாத்தனார் என்னைப் பார்த்தாள்.

"அண்ணி, காலைல கெளம்பசொல்லோ உப்பு பாத்தியே."

பார்த்தேன்தான். அவள் விற்பனைக்குக் கருவாடு கட்டிக்கொண்டிருந்தாள். துணுக்கு கிள்ளி நாக்கில் போட்டேன். தினமும் செய்வது. கை தானாகப் போயிற்று.

"கருவாடு சாப்பிட்டீங்களா?" என்றார் டாக்டரம்மா.

"சாப்புடல மேடம். உப்புதான் பாத்தேன்."

"துப்பினீங்களா, முழுங்கினீங்களா?"

"முழுங்கிட்டேன்."

மயக்கத்தில் வாந்தி வந்தால் மூச்சுக்குழாயில் ஏறிவிடும் என்று சொல்லிக் கையுறையைக் கழற்றினார். மூன்று மணிக்குப் பார்க்கலாம் என்றார்.

ஆறு மணி நேரம். உட்கார முடியவில்லை. வராந்தாவில் நடந்தேன். பெஞ்சு, தண்ணீர்க் குழாய், லிப்ட், மறுபடி பெஞ்சு. நாத்தனார் பின்னாலேயே வந்தாள்.

"உப்பு சரியா கீதா இல்லியா, அத்தயாவது சொல்லு."

கம்மி என்றேன். அவள் சிரித்தாள். நான் நடந்தேன்.

மூன்று மணிக்கு ஊசி போட்டார்கள். கண் திறந்ததும் வயிற்றைத் தடவிப் பார்த்தேன். தையல் இல்லை.

கட்டிக்கு அடியில் மருந்து நீர் ஏற்றி, அதை மேலே எழும்ப வைத்து, சுற்றி அறுத்து முழுசாக எடுத்தார்களாம். ஓரிடத்தில் ஓட்டை விழுந்ததாம். உள்ளேயே ஏழு கிளிப் போட்டு மூடியிருக்கிறோம், மூன்று நாள் தாங்கினால் வயிற்றைத் திறக்க வேண்டாம் என்றார் டாக்டர்.

தாங்கியது. பத்தாம் நாள் ரிப்போர்ட் வந்தது. வெறும் கொழுப்பு. கேன்சர் இல்லை.

கூடை எப்போது தூக்கலாம் என்று கேட்டேன். கிளிப்பெல்லாம் தானாக உதிரட்டும் என்றார். அன்றைக்கே எடுத்த எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, வெள்ளையாகத் தெரிந்த கிளிப்புகளை எண்ணினேன்.

இன்னும் நாலு.