அண்ணையின் பங்கு

லண்டன் ஹரோவில், கண்ணாடிக்குப் பின்னால் சுட்ட வாத்துகள் தொங்கும் சீனக் கடையில் வரிசையில் நின்றேன். கடைக்காரர் எலும்போடு வெட்டிய சத்தம் என்னை மன்னாருக்குக் கொண்டுபோனது.

நத்தாருக்கு, யேசு பிறந்த நாளுக்கு, அயலவர் சேர்ந்து ஒரு கிடாய் அடிப்பார்கள். அப்பாதான் வெட்டி, பனையோலையில் பங்கு வைப்பார். எங்களுக்கு மட்டும் இரண்டு பங்கு. இரண்டாவது, இராணுவத்தின் சுற்றிவளைப்பில் பிடிபட்டுத் திரும்பாத அண்ணைக்கு.

"வந்தா பசியோடதான் வருவான்," என்பார் அப்பா.

அம்மா அதைத் தனிச் சட்டியில் சமைத்து மூடிவைப்பார். மூன்றாம் நாள் பழுதாகி நாய்க்குப் போகும்.

ஐந்தாவது நத்தாருக்கு அம்மா, "இஞ்சாருங்கோ, எங்களுக்கு ஒரு பங்கு காணும், ரண்டு வேண்டாம்," என்றார். அப்பா கத்தியைக் கழுவினார். அன்று முழுவதும் நான் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

"எத்தனை பேருக்கு?" என்று கடைக்காரர் கேட்டார்.

நானும் ஒரு விரலைத்தான் காட்டினேன்.